தரைவீட்டுத் தோட்டத்தில் குளம்: தோண்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் தரைவீட்டுத் தோட்டத்தில் குளம் வைக்க விரும்பும் பலர் முதலில் போய் நிற்கும் இடம் மீன்கடை. சிவப்பும் வெள்ளையுமாக நீந்தும் கோய் மீன்களைப் பார்த்து மயங்கி, வரும் வழியிலேயே தாமரைக் கிழங்கும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் குத்தகையாளரை அழைத்து ஒரு மூலையைக் காட்டித் தோண்டச் சொல்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். குளத்தில் எது வாழப்போகிறது என்பது முடிவானால்தான் அதன் இடம், ஆழம், வடிகட்டி, செலவு ஆகிய அனைத்தும் முடிவாகும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் தொடங்கும் குளம் நாளடைவில் பச்சைத் தண்ணீர் தேங்கிய தொட்டியாகத்தான் மிஞ்சும்.

தாமரையா, கோய் மீனா

அல்லியும் தாமரையும் விரும்புவது நல்ல வெயில், அலையடிக்காத நீர், வேர் ஊன்றக் கனமான மண். கோய் விரும்புவது ஆழம், ஓரளவு நிழல், இடைவிடாது சுழலும் நீர், மண்ணில்லாத வெறுந்தரை. கோய் மண்ணைக் கிளறி இரை தேடும் கெண்டை இனத்தைச் சேர்ந்தது என்பதால், தொட்டியில் நட்ட அல்லியின் கிழங்கைக்கூட முட்டி மேலே கொண்டுவந்துவிடும். மிச்சமிருக்கும் தளிர் இலைகளைத் தின்றுவிடும். 60 செ.மீ. நீளத்தையும் தாண்டி வளரக்கூடிய அந்த மீனுக்குக் குறைந்தது 1.2 மீட்டர் ஆழமும், மீன் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் நீரும் வேண்டும் என்று கணக்கிடுவது வழக்கம். ஐந்து கோய் வளர்க்க நினைத்தால் 5,000 லிட்டர் நீரையும் அதைச் சுத்தம் செய்ய ஒரு பெரிய வடிகட்டியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே குளத்தில் சேர்த்து வைக்க முடியாதா என்று எல்லாரும் கேட்பார்கள். தடுப்புச் சுவர் எழுப்பி, செடிகளுக்கு ஒரு பகுதியும் மீன்களுக்கு ஒரு பகுதியும் ஒதுக்கினால் முடியும். ஆனால் அதற்குப் பெரிய பங்களா வளாகம் வேண்டும். வரிசைவீடுகளுக்கும் ஒருபுறம் மட்டும் ஒட்டிய வீடுகளுக்கும் என்னுடைய பரிந்துரை, சிறு மீன்கள் துள்ளும் செடிக்குளம்தான். செலவு குறைவு, வேலை குறைவு, பூசைக்குத் தேக்கா சந்தைக்கு ஓடாமல் அவ்வப்போது ஒரு தாமரை கிடைக்கும். இனி வருவன பெரும்பாலும் செடிக்குளத்தைப் பற்றியவை. கோய்க் குளத்துக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

வெயில் விழும் இடம்

தாமரைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அல்லிக்கு அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் பூக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம், வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று நினைக்கத் தோன்றும். சிக்கல் அதில்தான் இருக்கிறது. இங்கே சூரியன் டிசம்பரில் உச்சிக்குத் தெற்கே ஏறக்குறைய 25 பாகை சாய்கிறது. ஜூனில் வடக்கே 22 பாகை சாய்கிறது. ஆகவே 10 மீட்டர் உயரமுள்ள மூன்று மாடி வீடு, டிசம்பர் மாத நண்பகலில் தன் வடபுறத்தில் நாலரை மீட்டருக்கும் மேல் நிழல் வீழ்த்தும். ஜூனில் தென்புறத்தில் நான்கு மீட்டர் வீழ்த்தும். பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டி ஒரு மாடியை உயர்த்தியிருந்தால், மார்ச் மாதத்தில் வெயில் கொளுத்திய இடத்தில் ஆண்டிறுதியில் ஓர் அல்லிகூடப் பூக்காமல் போகலாம். சிங்கப்பூர்க் கடிகாரத்தில் உச்சிவெயில் நேரம் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி வருகிறது என்பதையும் நினைவில் வைத்து, காலை ஒன்பது, பிற்பகல் ஒன்று, மாலை நான்கு ஆகிய மூன்று வேளைகளிலும் நிழல் எங்கே முடிகிறது என்பதைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது.

வீட்டுப் பெரியவர்கள் நீர்நிலை ஈசானிய மூலையில்தான் அமைய வேண்டும் என்பார்கள். அந்த மூலையில் வெயில் இருந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இல்லையென்றால் அங்கே ஒரு சிறிய நீர்த்தொட்டியை வைத்து அவர்கள் மனத்தையும் குளிர்வித்துவிட்டு, குளத்தை வெயில் உள்ள இடத்திலேயே அமைப்பதுதான் அறிவுடைமை. தாமரை வாஸ்து பார்ப்பதில்லை.

பெரிய மரத்தின் கீழே குளம் கூடாது. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் எந்த வலையிலும் நிற்காமல் நீருக்குள் இறங்கி அழுகும். ஆல், அத்தி வகை மரங்களின் வேரும், பக்கவாட்டில் பரவும் மூங்கிலின் குருத்தும், நீர் கசியாமல் இருக்கக் குழியில் போடும் ரப்பர் விரிப்பைத் துளைத்துவிடும்.

தரைக்குக் கீழே இருப்பவை

தோண்டுவதற்கு முன் வீட்டு வளாகத்துக்கு அடியில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பல தரைவீடுகளின் பின்புறத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் செல்கிறது. கொல்லையில் வட்டமாகவோ சதுரமாகவோ ஓர் இரும்பு மூடி தெரிந்தால் அதுவே அடையாளம். அந்தக் குழாயின் மேலோ ஒட்டியோ எதையும் கட்டுவதற்கு முன் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். மின்கம்பி, எரிவாயுக் குழாய், வாசல் விளக்குக்குப் போகும் பழைய கம்பி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லைச் சுவரின் அடித்தளம் ஆழமற்றதாக இருக்கக்கூடும் என்பதால், எவ்வளவு ஆழம் தோண்டுகிறோமோ அதைவிடக் கூடுதலான தூரம் சுவரைவிட்டு விலகி நிற்பது பாதுகாப்பு.

அடுத்தது நிலத்தடி நீர். புக்கிட் தீமா பக்கத்து மேட்டுநிலங்களில் பெரும்பாலும் தொல்லையில்லை. காலாங் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகளிலும் கடற்களிமண் உள்ள இடங்களிலும் நீர்மட்டம் மேலேயே இருக்கும். மழைக்காலத்தில் அந்த நீர் அடியிலிருந்து தள்ளி, விரிப்பைக் குமிழாக உயர்த்திவிடும். சுத்தம் செய்வதற்காகக் காலி செய்த கான்கிரீட் தொட்டியையே மேலே தூக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சிறு குழி தோண்டி, கொசு புகாமலும் குழந்தைகள் விழாமலும் பலகையால் நன்கு மூடி, ஓரிரு நாள் கழித்து நீர் ஊறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஊறியிருந்தால் தரைக்கு மேலே பாதி எழும்பிய குளமாகத் திட்டமிடுங்கள்.

கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திலோ மொட்டைமாடியிலோ குளம் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு: ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். வெறும் 30 செ.மீ. ஆழமுள்ள நீர்கூடச் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடையைத் தளத்தின் மேல் ஏற்றும். தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒப்புதல் தராமல் அதில் இறங்கக்கூடாது.

அளவும் ஆழமும்

எடுத்துக்காட்டாக 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம் கொண்ட குளத்தைக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 3,600 லிட்டர் வரும். பக்கங்கள் சரிவாக இறங்குவதாலும் ஓரத்தில் செடிப்படி இருப்பதாலும் உண்மையில் அதில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 2,700 லிட்டர்தான் நிற்கும். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பம்ப் வாங்கும்போதும் மருந்து அளக்கும்போதும் இதுதான் கைகொடுக்கும். விரிப்பின் அளவுக்கு நீளத்துடன் ஆழத்தின் இரு மடங்கையும், ஓரம் மடிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் 30 செ.மீ. வீதமும் கூட்ட வேண்டும்: 3 + 1.2 + 0.6, ஆக 4.8 மீட்டர். அகலமும் அப்படியே கணக்கிட்டால் 3.8 மீட்டர். பல வளைவுகள் கொண்ட குளத்துக்கு விரிப்பில் மடிப்புகள் கூடும் என்பதால், இயன்றவரை எளிய வடிவமே நல்லது.

தோண்டிய மண் எங்கே போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேற்கண்ட குழியிலிருந்து ஏறக்குறைய ஐந்து டன் மண் வெளிவரும். தோண்டியதும் அது உப்பி, இருந்த இடத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும். இருபுறமும் ஒட்டிய வரிசைவீட்டின் கொல்லையில் குளம் என்றால் அத்தனை மண்ணும் மூட்டை மூட்டையாக உங்கள் வரவேற்பறை வழியாகத்தான் போக வேண்டும். தரையில் பளிங்குக்கல் பதித்தவர்கள் அதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

60 செ.மீ. ஆழத்துக்குக் காரணம் உண்டு. 30 செ.மீ. நீர் பிற்பகல் வெயிலில் விரைவில் சூடேறும். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும் என்றால், 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. இரவில் செடிகளும் பாசியும்கூட உயிர்வளியை இழுப்பதால், விடியற்காலையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். மழைமேகம் பல நாள் கவிந்திருக்கும் பருவத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

குளத்தின் ஒரு பக்கத்தில் 25 செ.மீ. ஆழத்தில் 30 செ.மீ. அகலமுள்ள படி ஒன்றை விடுங்கள். நீர்ப்பிரமி, வல்லாரை, நீராரை, கோரை போன்ற ஓரச்செடிகளின் தொட்டிகளை அதன் மேல் உயரத்துக்கு ஏற்ப வைக்கலாம். தட்டான் குஞ்சுகள் நீரைவிட்டு ஏறித் தோலுரிப்பதற்குத் தண்டுகளும் கிடைக்கும். தட்டானின் இளம் பருவம் நீருக்கடியில் கொசுப்புழுவை வேட்டையாடும் என்பது கூடுதல் இலாபம். ஓரச்செடிகளை எப்படி அடுக்கலாம் என்று பார்த்துப் பழக, கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள தும்பி ஏரிக் கரையை ஒரு மாலை சுற்றி வருவது பல படங்களைப் பார்ப்பதற்குச் சமம்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும், பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டிலும் குளத்தின் ஆழத்தை நம்பிப் பயனில்லை. தவழும் குழந்தை ஒரு சாண் நீரிலும் மூழ்கிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குழந்தையின் எடையைத் தாங்கும் எஃகுக் கம்பிச் சட்டத்தைப் பொருத்துவதும், பூட்டக்கூடிய வேலி போடுவதும்தான் வழிகள். குழந்தைக்கு நான்கைந்து வயதாகும் வரை குளத் திட்டத்தையே தள்ளிப்போடுவதும் நல்ல முடிவுதான்.

விரிப்பு, விளிம்பு

கான்கிரீட் குளம் உறுதியானது. கோய்க் குளத்துக்கு அதுவே பொருத்தம். ஆனால் புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை ஏற்றும் என்பதால், வாரக்கணக்கில் நீரை நிரப்பி, வெளியேற்றி, மறுபடி நிரப்ப வேண்டும். அல்லது மீனுக்குத் தீங்கில்லாத பூச்சு அடிக்க வேண்டும். செடிக்குளத்துக்கு ஒரு மி.மீ. தடிமனுள்ள இபிடிஎம் ரப்பர் விரிப்பு போதும். அதற்கடியில் கூரான கல் எதுவும் இல்லாமல் பொறுக்கியெடுத்து, மணல் தூவி, தடித்த கம்பளித் துணி போன்ற அடிவிரிப்பைப் போட்டுப் பிறகே ரப்பரை இறக்க வேண்டும்.

குளம் அழகாகத் தெரிவதும் அசிங்கமாகத் தெரிவதும் விளிம்பில்தான். நீர் எப்போதும் மட்டமாக நிற்கும். கரை மட்டமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர், எதிர்ப்பக்கத்தில் நான்கு விரல் கீழே நின்று, கறுப்பு ரப்பரைப் பட்டையாகக் காட்டும். கொத்தனார்கள் கையில் வைத்திருக்கும் ஒளிபுகும் நீர்க்குழாயே இதற்குச் சிறந்த கருவி: குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் எதிரெதிர்க் கரைகளில் பிடித்தால், நீர் நிற்கும் மட்டத்தைக் கொண்டு இரு கரைகளையும் ஒன்றாக்கலாம். கரைக்கல்லை நீருக்கு மேல் நான்கைந்து செ.மீ. நீட்டி வைத்து, விரிப்பை அந்தக் கல்லுக்குக் கீழாகக் கொண்டுபோய், கல்லின் பின்புறத்தில் செங்குத்தாக மேலே திருப்பி, மண்ணால் அணைத்து, கடைசியில் வெட்டுங்கள். விரிப்பு இப்படி மேல்நோக்கி முடியாமல் படுத்தபடியே மண்ணுக்குள் போனால், சுற்றியுள்ள மண் விளக்குத் திரி போல நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓட்டை எங்கே என்று தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். குளத்தை நிரப்பி ஒரு வாரம் விரிப்பு படிந்து அமைந்த பிறகுதான் ஓரத்தை வெட்ட வேண்டும்.

மழை நீர் எங்கே போகும்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மி.மீ. மழை பெய்கிறது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவது நாளொன்றுக்கு நான்கைந்து மி.மீ. அளவில் இருக்கும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் செலவைவிட வரவு ஓரளவு கூடுதல். ஆனால் நவம்பர், டிசம்பரில் வரவு மிகுதி, பிப்ரவரியில் செலவு மிகுதி. ஆகவே பிப்ரவரியில் நீர் ஊற்ற வேண்டும், டிசம்பரில் நீர் வழிய வழி வேண்டும். இரண்டாவதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. கொட்டும் மழையில், நம் 6 சதுர மீட்டர்க் குளத்தில் நேராக விழுவது 600 லிட்டர். கூரையிலிருந்தோ புல்வெளியிலிருந்தோ வரும் நீரும் அதில் சேர்ந்தால் பல மடங்காகும். அப்படிச் சேரவே கூடாது. புல்லுக்குப் போட்ட உரமும் பூச்சிமருந்தும் அதனுடன் வந்துவிடும். கரையைச் சுற்றியுள்ள தரையைவிட ஐந்து முதல் பத்து செ.மீ. உயர்த்தி, மழைநீர் குளத்தைவிட்டு விலகி ஓடுமாறு தரையைச் சரித்துவிடுங்கள். நிரம்பி வழியும் நீருக்கு 75 மி.மீ. குழாய் ஒன்றை நீர்மட்டத்தில் பொருத்தி, வாயில் துருப்பிடிக்காத எஃகு வலையை வைத்து, மழைநீர் வடிகால்வரை தொடர்ந்த சரிவில் கொண்டுபோக வேண்டும். இடையில் குழாய் தொய்ந்து நின்றால் அந்தத் தொய்வில் நீர் தேங்கும், தேங்கினால் கொசு.

வடிகால் நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. கழுவிய இரசாயனத்தையும் மீன் மருந்து கலந்த நீரையும் அதில் விடக்கூடாது.

கொசு

குளம் என்றதும் அண்டை வீட்டார் முகம் சுளிப்பது டெங்கியால். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் போதும்; 20 காசு நாணய அளவு நீரிலும் அது இனப்பெருக்கம் செய்யும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் எச்சரித்துவருகிறது. அதன் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சோதிப்பார்கள். கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு.

ஆனால் மீன் நீந்தும் குளத்தின் நடுவில் கொசுப்புழு உயிர்பிழைப்பது அரிது. ஆபத்து குளத்தில் இல்லை, குளத்துக்கு அழகு சேர்ப்பதாக நாம் வைக்கும் பொருள்களில் இருக்கிறது. மீன் போக முடியாத வடிகட்டிப் பெட்டியின் மூலை, அதன் மூடியின் மேற்பள்ளம், அருவிக்காக அடுக்கிய கற்களின் குழிகள், விரிப்பின் ஓர மடிப்பு, ஜப்பானியப் பாணியில் வைத்த மூங்கில் தூம்பின் கணு, கரையில் நட்ட புரோமீலியாட் செடியின் இலையிடுக்கு, செடித்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில்தான் அந்த நெளியும் புழுக்கள் இருக்கும். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டவுடன் துடித்துக் கீழிறங்குவதைக் காணலாம். ஆகவே வடிவமைக்கும்போதே கல்லின் குழிகளைச் சிமெண்டால் நிரப்பி, மூங்கில் கணுவைத் துளைத்து, புரோமீலியாட் நடும் ஆசையைக் கைவிட்டு, வடிகட்டி மூடியை இறுக்கமாக வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீர் அசையாத மூலை இருந்தால், பிடிஐ எனும் நுண்ணுயிர் மருந்தைச் சீட்டில் உள்ள அளவுப்படி இடலாம். அது கொசுப்புழுவைக் கொல்லும், மீனைத் தீண்டாது.

புகை மருந்து அடிக்க ஆள் வரும் நாளில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. அன்று குளத்தைத் தார்ப்பாயால் மூடி, காற்றுப் பம்ப்பையும் அருவியையும் புகை அடங்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

நீர்நாய்

1998இல் சுங்கை பூலோவுக்குத் திரும்பி வந்த நீர்நாய்கள் இன்று குடும்பம் குடும்பமாகத் தீவு முழுவதும் பரவியிருக்கின்றன. பீஷான் பூங்காவில் நின்று படமெடுக்கும்போது இனிமையாகத்தான் இருக்கும். வடிகால் வழியே அதே குடும்பம் விடியற்காலையில் உங்கள் வீட்டுக்குள் வந்தால், ஒரு குளத்துக் கோய் மீன்களை ஒரே விருந்தில் முடித்துவிடும். அது சட்டத்தால் பாதுகாக்கப்படும் விலங்கு. பிடிக்கவோ துன்புறுத்தவோ கூடாது. தடுப்பதுதான் நம் வேலை. வாயிற்கதவின் அடியிலும் கம்பிகளுக்கு நடுவிலும் கையளவு இடைவெளியும் விடாமல் வலைத்தகடு பொருத்துங்கள். வடிகால் வளாகத்துக்குள் நுழையும் இடத்தில் கம்பிச் சட்டம் வையுங்கள். இரவில் குளத்தின் மேல் உறுதியான சட்டத்தை மூடுங்கள். மெல்லிய நைலான் வலை நாரைக்கும் மீன்கொத்திக்கும் போதும், நீர்நாய்க்குப் போதாது. கப்பி போன்ற சிறு மீன்கள் உள்ள செடிக்குளத்தை அது பெரும்பாலும் சீந்தாது. செடிக்குளத்தின் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்ப்பும் மின்சாரமும்

செடிக்குளத்து நீர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியே சுற்றி வந்தால் தாராளம். கோய்க் குளத்துக்கு அது ஒரு மணி நேரமாக வேண்டும். பம்ப்பின் பெட்டியில் அச்சிட்ட அளவு, நீரை உயர்த்தாமல் தள்ளும்போது கிடைப்பது. அருவிக்காக ஒரு மீட்டர் உயர்த்தினால் அது கணிசமாகக் குறையும் என்பதால், பெட்டியில் உள்ள உயர அட்டவணையைப் பார்த்து வாங்க வேண்டும். 40 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு 28.8 யூனிட் மின்சாரம் செலவாகும். யூனிட் 30 காசு என்று வைத்தால் எட்டரை வெள்ளிக்குச் சற்று மேல். இரவில் சிக்கனத்துக்காக நிறுத்தாதீர்கள். வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீருக்குள் மின்கம்பி இறங்குவதால் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். அந்தச் சுற்றுக்குக் கசிவு மின்தடுப்பான் இருக்கிறதா, அது சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். இயன்றால் 12 அல்லது 24 வோல்ட் பம்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

நீர், செடி, மீன்

இங்குள்ள குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்குச் சேர்ப்பது குளோரமீன். வாளியில் ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை குளோரினுக்குப் பொருந்தும், குளோரமீனுக்குப் பொருந்தாது. மீன்கடையில் விற்கும் நீர் பதப்படுத்தும் மருந்தைக் குளத்தின் கொள்ளளவுக்கேற்பக் கலந்த பிறகே மீனை விட வேண்டும்.

தாமரைக் கிழங்கை அரை மீட்டருக்குக் குறையாத அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள, அடியில் ஓட்டையில்லாத வட்டத் தொட்டியில் நடுங்கள். நேராகக் குளத்தரையில் நட்டால் மற்றச் செடிகளுக்கு இடமே இராது. பையில் விற்கும் செடிமண் ஆகாது: அது மிதக்கும், அழுகும். கனமான களிமண் கலந்த தோட்டமண்ணில் கிழங்கைப் படுக்க வைத்து, குருத்து மேலே தெரியுமாறு மூடி, ஒடிந்தால் கிழங்கே வீணாகும் அந்தக் குருத்தில் கைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை நீர் போதும். இலை எழ எழத் தொட்டியைத் தாழ்த்தலாம். அல்லியை அருவித் தெறிப்பு படாத இடத்தில் வையுங்கள். இலைமேல் ஓயாமல் நீர் விழுவது அதற்கு ஆகாது. நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்று மேல் இலைகளால் மூடியிருந்தால் பாசிக்கு வெளிச்சம் குறைந்து நீர் தெளியும். வெங்காயத் தாமரையை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

செடி நட்ட அன்றே மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் சில கப்பி மீன்களை மட்டும் விட்டு, சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகக் காட்டிய பிறகு மற்றவற்றைச் சேருங்கள். தலையில் வெள்ளிப் பொட்டுடன் நீர்மட்டத்திலேயே உலவும் பஞ்சாக்ஸ், இந்த மண்ணுக்கே உரிய மீன்; கொசுப்புழுவை விரும்பி உண்ணும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இதே முறையில் ஓட்டையில்லாத பெரிய மண்தொட்டியில் குட்டைத் தாமரையும் நான்கைந்து கப்பியும் வைக்கலாம். தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் நடைவழி விட்டிருக்க வேண்டும். வெயில் எட்டுகிறதா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை அழுகிய இலையைக் கிள்ளி, வலைகளைத் துடைத்து, மேற்சொன்ன மூலைகளில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஆகும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் அலசாமல் குளத்து நீரிலேயே அலச வேண்டும். குளோரமீன் அந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மீனுக்கு இரை போட ஆள் தேடுவதைவிட, பம்ப் ஓடுகிறதா என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டிப்பார்க்க ஆள் தேடுங்கள். செடிக்குளத்து மீன் சில வாரம் பாசியையும் பூச்சியையும் தின்று சமாளிக்கும்; நின்றுபோன பம்ப் சமாளிக்காது.

கப்பி பெருகும், அல்லி பெருகும், ஒரு கட்டத்தில் கழிக்க வேண்டிவரும். மிகுதியான மீனைக் கடைக்காரரிடமோ குளம் வைத்திருக்கும் நண்பரிடமோ கொடுங்கள். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது சட்டப்படி குற்றம். அங்குள்ள உயிர்களுக்கும் அது கேடு. வெட்டிய நீர்ச்செடிகளை வடிகாலில் போடாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.